பரம்பரையும் மறதியும்

(சங்கக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



முதுமையைப் பற்றிப் பேசுவதற்கு இளைஞராகிய எமக்கு என்ன தகுதி உண்டு என்று பெரியோர் சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் நியாயமானதே. இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன சர்வகலாசாலை மாணவர் எழுபது வயதின் அனுபவத்தை எடுத்துரைக்க இயலாது. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் முதுமைக்கு மட்டும் உரியதன்று. பாட்டனிடமிருந்து தந்தைக்கும், தந்தையிடமிருந்து பிள்ளைக்கும் இறங்கி வரும் ஒன்றைப் பற்றியது அது. ஆதலால் பெரியோரும் இளையோரும் ஒருங்கிருந்து சிந்திக்கத்தக்க பொருள் என்று துணிந்து உங்கள் முன் நிற்கின்றோம்.

எமது ஊர்களிலே வயது முதிர்ந்த ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாலும், உண்டதை மறந்து உண்ணவில்லை என்று கோபித்தாலும், “அவருக்கு அறளை பேந்திட்டுது” என்று சொல்லிவிட்டு அப்பாற் போய்விடுகின்றோம். அதைக் கேட்கும் வீட்டிலே இரண்டு கேள்விகள் எழுகின்றன. மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் தெரியாது தேடும் பெரியவர், “எனக்கும் அறளை பெயர்கின்றதோ?” என்று தமக்குள் கேட்கின்றார். அவருடைய மகனோ, “அப்பாவுக்கு வந்தது எனக்கும் வருமோ?” என்று கேட்கின்றான். முன்னது ஞாபகசக்தியைப் பற்றிய கேள்வி. பின்னது பரம்பரையைப் பற்றிய கேள்வி. இவ்விரண்டும் தனித்தனியானவை போலத் தோன்றினும் ஒன்றையொன்று தொட்டு நிற்பவை. பரம்பரையைப் பற்றிய அச்சம் ஒருவர் தம் ஞாபகத்தைத் தாமே மதிப்பிடும் முறையையே மாற்றிவிடுகின்றது என்பதே நாம் இன்று கூற விழையும் செய்தி.

முதலிலே, நோயைப் பற்றிச் சிறிது கூறுவோம். 1901ஆம் ஆண்டு ஜேர்மனியிலே பிராங்பேர்ட் நகரத்து மனநோய் ஆஸ்பத்திரியில் ஐம்பத்தொரு வயதுடைய மாது ஒருவர் அனுமதிக்கப்பட்டார். தம் பெயரை எழுதத் தொடங்கினால் அதனை முடிக்க இயலாத நிலை. அவரை அவதானித்த வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். 1906இல் அம்மாது இறந்தபின் அவருடைய மூளையை நுணுக்குக்காட்டியின்கீழ் ஆராய்ந்த அல்சைமர், நரம்புக் கலங்களுக்கு வெளியே படிந்த அழுக்குப் போன்ற திட்டுக்களையும், கலங்களுக்கு உள்ளே முறுகிக் கிடந்த நார் முடிச்சுக்களையும் கண்டார். அவ்வாண்டே அதனை வைத்தியர் சபையொன்றில் விளக்கினார். இன்று அத்திட்டுக்கள் அமிலொயிட்டு என்னும் புரதத்தாலும், முடிச்சுக்கள் தௌ என்னும் புரதத்தாலும் ஆனவை என்பதை அறிவோம்.

மறதிநோய் என்பது நோய்கள் பலவற்றுக்குப் பொதுவான பெயர். அவற்றுள் நூற்றுக்கு 60 முதல் 70 வரை அல்சைமர் நோயே. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021இல் உலகெங்கும் 5 கோடியே 70 இலட்சம் பேர் மறதிநோயுடன் வாழ்ந்தனர். எமது நாட்டிலே 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போதே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தோராயிருந்தனர். றாகமைப் பகுதியில் அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, நூற்றுவருள் ஏறத்தாழ நால்வருக்கு இந்நோய் இருந்ததெனக் காட்டிற்று. நூற்றுவருள் நால்வர் என்பது சிறு தொகையன்று. அதேவேளை, மற்றைய தொண்ணூற்றாறு பேரும் அந்நோயின்றி வாழ்ந்தனர் என்பதும் அதே கணக்கின் மறுபக்கம். முதுமை வந்தால் அறளையும் வந்தே தீரும் என்பது பொருந்தாது.

இனிப் பரம்பரைக்கு வருவோம். மிஷன் பாடசாலையிலே தாவரவியல் வகுப்பில் நாம் முதன்முதலிற் கற்ற விஞ்ஞானக் கதைகளுள் ஒன்று மெண்டல் என்னும் துறவியாரின் பட்டாணிச் செடிகளைப் பற்றியது. 1866இல் அவர் வெளியிட்ட முடிபு இன்றும் நிற்கின்றது. ஒவ்வோர் இயல்புக்கும் நாம் இரு பிரதிகளைப் பெறுகின்றோம். ஒன்று தாயிடமிருந்து, மற்றையது தந்தையிடமிருந்து. இவற்றையே பரம்பரையலகுகள் என்கின்றோம். பட்டாணியின் விதை உருண்டையாவதா, சுருங்குவதா என்பதை ஒரேயொரு பரம்பரையலகு தீர்மானித்துவிடுகின்றது. மனிதனுடைய நோய்களோ பெரும்பாலும் அவ்வளவு எளிதில் அடங்குவனவல்ல.

அல்சைமர் நோயிலும் பட்டாணியைப் போல நடக்கும் அரிய வகையொன்று உண்டு. தென்னமெரிக்காவிலே கொலம்பியா நாட்டின் அன்ரியோக்கியா மலைப்பகுதியிற் பெருங்குடும்பமொன்று வாழ்கின்றது. நிறமூர்த்தம் 14இல் உள்ள பரம்பரையலகு ஒன்றில் நேர்ந்த ஒரு மாற்றம் அக்குடும்பத்திலே தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகின்றது. அதனைப் பெற்றவர்களுக்கு நாற்பத்து நான்கு வயதளவிலேயே ஞாபகம் தளரத் தொடங்கிவிடுகின்றது. பிரான்சிஸ்கோ லொப்பேரா என்னும் நரம்பியல் வைத்தியர், 2024இல் மறையும்வரை, தம் வாழ்நாளில் பெரும்பகுதியை அக்குடும்பத்தாருக்கே அர்ப்பணித்தார். ஆனால் அக்குடும்பத்திலும் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. அம்மாற்றத்தைப் பெற்றிருந்த மாது ஒருவர் எழுபது வயதைக் கடக்கும்வரை தெளிந்த சிந்தையுடன் வாழ்ந்தார். வேறொரு பரம்பரையலகிலே அவருக்கு அமைந்திருந்த அரிய மாற்றமொன்று அவரைக் காத்திருக்கலாம் என 2019இல் விஞ்ஞானிகள் அறிவித்தனர். விதியே என்று சொல்லத்தக்க இடத்திலும் விதிவிலக்கு உண்டு என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுமா?

அம்மாதைக் காத்ததெனக் கருதப்படும் மாற்றம் அப்போ-ஈ என்னும் பரம்பரையலகில் அமைந்திருந்தது. நம்மவர் அனைவருக்கும் உரிய முதுமைக்கால அல்சைமர் நோயைப் பொறுத்தவரையிலும் இப்பரம்பரையலகே முதன்மையானது. நிறமூர்த்தம் 19இல் இருக்கும் இது, கொழுப்பைச் சுமந்து செல்லும் ஒரு புரதத்தை ஆக்குவதற்குரியது. ஈ-2, ஈ-3, ஈ-4 என இதற்கு மூன்று வடிவங்கள் உள. பெரும்பான்மையோரிடம் இருப்பது ஈ-3. ஈ-2 ஓரளவு காப்பளிப்பது. ஈ-4 நோய்க்கு இடங்கொடுப்பது. இதனை 1993இல் ஐக்கிய அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர் கண்டறிந்தனர். ஐரோப்பிய வமிசத்தினரிடையே எடுத்த கணக்கின்படி, ஈ-4 ஒரு பிரதி உடையோருக்கு நோய் வரும் வாய்ப்பு மற்றையோரினும் ஏறத்தாழ மும்மடங்கு. இரு பிரதிகள் உடையோருக்கு எட்டு முதல் பன்னிரண்டு மடங்கு.

மடங்கு என்ற சொல்லைக் கேட்டவுடன் நெஞ்சு திடுக்குறுவது இயல்பு. ஆனால் அச்சொல்லை நிறுத்துப் பார்த்தல் வேண்டும். மும்மடங்கு வாய்ப்பு என்றால் நோய் உறுதி என்பது பொருளன்று. ஒரு பிரதி உடையோருட் பலர் தெளிந்த அறிவுடனேயே ஆயுளை முடிக்கின்றனர். மறுபுறத்தே, அல்சைமர் நோயாளருள் மூன்றிலொரு பங்கினருக்கு மேல் ஈ-4 அறவே இல்லாதோர். ஈ-4 இருந்தும் நோய் வராதிருக்கலாம், இல்லாதிருந்தும் வரலாம். இரு பிரதிகள் உடையோரின் நிலை இவற்றினும் பாரதூரமானது என்பதை மறைத்தல் நேர்மையன்று. ஆயின் அவர்கள் மேனாடுகளில் நூற்றுக்கு இருவர் அல்லது மூவரே.

மேலும், ஒரே வடிவம் எல்லா மண்ணிலும் ஒரே விதமாக நடப்பதுமில்லை. வட இந்தியாவில் அரியானாப் பகுதியைச் சேர்ந்த பல்லப்கர் கிராமத்தவரையும் அமெரிக்காவிற் பென்சில்வேனியாப் பகுதியொன்றின் மக்களையும் ஒப்பிட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், இந்தியக் கிராமத்தவரிடையே ஈ-4 குறைவாகவே காணப்பட்டது. நைஜீரியாவின் இபடான் நகரத்திலோ, ஈ-4 பரவலாக இருந்தும் அதற்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு மிகத் தளர்ந்தே காணப்பட்டது. உணவு, உழைப்பு, பிற நோய்கள், கல்வி, வாழ்க்கை முறை ஆகிய பலவும் பரம்பரையலகுடன் கலந்தே வேலை செய்கின்றன என்பது இதனாற் புலனாகும்.

சபையோரே, இவ்வளவையும் கேட்டபின் இயல்பாக எழும் வினா ஒன்றுண்டு. “எனக்குள் எந்த வடிவம் இருக்கின்றது என்பதை நான் அறிந்துகொள்ளலாமா?” அறிந்துகொள்ளலாம். 2017ஆம் ஆண்டு தொடக்கம் ஐக்கிய அமெரிக்காவில், உமிழ்நீரை ஒரு சிறு குழாயில் இட்டுத் தபாலில் அனுப்பினால், வைத்தியரிடம் செல்லாமலே இவ்விடை வீடு தேடி வருகின்றது. எமது உறவினர் பலர் வாழும் மேனாடுகளிலே இத்தகைய பரிசோதனை இன்று அரிதன்று. அங்கே ஒரு மாமாவோ மச்சாளோ பெறும் விடை இங்கே உள்ள குடும்பத்துக்கும் ஒரு பகுதி விடையாகிவிடுகின்றது. ஆகவே இது தொலைதேசத்துப் பேச்சு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

அறிதல் நன்றோ, அறியாமை நன்றோ? பரம்பரைப் பொருளின் இரட்டைச் சுருளமைப்பைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்றோருள் ஒருவர் ஜேம்ஸ் வாட்சன். அவருடைய சொந்தப் பரம்பரைத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டு 2008இல் உலகறிய வெளியிடப்பட்டது. ஆனால் ஒன்றை மட்டும் மறைத்துவிடுமாறு அவர் வேண்டிக்கொண்டார். அதுவே அப்போ-ஈ. பரம்பரையலகுகளின் உலகத்தையே திறந்து காட்டியவர்களுள் ஒருவர் அந்த ஒரு கதவை மூடியே வைக்க விரும்பினார் என்றால், அதன் பாரம் எத்தகையது என்பதை நாம் ஊகிக்கலாம்.

ஆராய்ச்சியாளரும் இவ்வினாவை ஆராய்ந்தனர். அல்சைமர் நோயுற்ற பெற்றோரின் பிள்ளைகளாகிய 162 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிபு 2009இல் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு அவர்களுடைய அப்போ-ஈ வடிவம் தகுந்த ஆலோசனையுடன் அறிவிக்கப்பட்டது, மற்றவர்களுக்கு அறிவிக்கப்படவில்லை. ஓராண்டு வரை அவதானித்ததில், இரு பகுதியினரிடையேயும் ஏக்கத்திலோ மனச்சோர்விலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அறிந்தால் மனிதன் உடைந்துபோவான் என்ற பயம் அவ்வளவாகப் பலிக்கவில்லை.

அத்துடன் முடிந்திருந்தால் அறிதலே நன்று என்று நாமும் முடித்திருப்போம். ஆனால் 2014இல் வெளியான மற்றோர் ஆய்வு இதுவரை யாரும் நோக்காத பக்கத்தை நோக்கிற்று. கலிபோர்ணியாவின் சான் டியேகோ நகரத்தை மையமாகக் கொண்ட அவ்வாய்விலே 52 முதல் 89 வயது வரையுள்ள 144 பேர் பங்குபற்றினர். அனைவரும் மறதிநோய் இல்லாதவர்கள். அவர்களுள் 74 பேர் தமக்குள் இருக்கும் வடிவத்தை முன்னரே அறிந்திருந்தனர்; 70 பேர் அறியாதிருந்தனர். எல்லாரையும் தம் ஞாபகசக்தியைத் தாமே மதிப்பிடுமாறு கேட்டனர். பின்பு ஞாபகப் பரிசோதனையும் நடத்தினர்.

முடிபு யாதெனில், ஈ-4 தம்மிடம் உண்டு என்று அறிந்தவர்கள், அதே ஈ-4ஐ உடையவராயிருந்தும் அதனை அறியாதவர்களைவிடத் தம் ஞாபகத்தைக் கடுமையாகக் குறைத்து மதிப்பிட்டனர். அது மட்டுமன்று, சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் பரிசோதனையிலும் அவர்களே குறைவாகச் செய்தனர். பரம்பரையலகு இரு சாராருக்கும் ஒன்றே. வேறுபட்டது அறிவு ஒன்றுதான். மறுபுறத்தே, ஈ-4 தம்மிடம் இல்லை என்று அறிந்தவர்கள், அறியாதவர்களைவிடத் தம் ஞாபகத்தை உயர்வாக மதிப்பிட்டனர்; ஆயினும் பரிசோதனையில் அவர்கள் கூடுதலாக எதையும் சாதிக்கவில்லை. 144 பேர் என்பது பெருந்தொகையன்று என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். எனினும் ஒருவர் தம்மைப் பற்றி நம்புவது தம் ஞாபகத்தைத் தாம் காணும் கண்ணாடியின் நிறத்தை மாற்றக்கூடும் என்பது இதிலே தெளிவாகத் தெரிகின்றது.

எமது சமூகத்திலே இதற்கு ஒப்பான ஒன்றைக் காண்பது கடினமன்று. சாதகத்திலே கண்டம் இருக்கின்றது என்று ஒருவருக்குச் சொல்லிவிட்டால், அவ்வாண்டு முழுவதும் அவருக்கு வரும் தடிமனும் தலையிடியும் அக்கண்டத்தின் அறிகுறிகளாகவே தோன்றும். பரம்பரைப் பரிசோதனை விஞ்ஞானம். அதனைச் சாதகத்துக்கு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. ஆனால் அந்த விஞ்ஞான அறிக்கையை ஒரு மனிதன் தலையெழுத்தாக வாசிக்கத் தொடங்கினால், அஞ்சிய மனம் செய்யும் வேலை இரண்டு இடத்திலும் ஒன்றே.

அஞ்சிய மனம் என்ன செய்கின்றது? குடையை பஸ்ஸிலே விட்டுவிட்டு வருவது இருபது வயதினராகிய நமக்கும் நிகழ்வதே. நாம் சிரித்துவிட்டு வேறு குடை வாங்குகின்றோம். எழுபது வயதுப் பெரியவரோ அன்றிரவு நித்திரை கொள்ளாது கிடக்கின்றார். மறுநாள் ஒருவருடைய பெயர் நாவின் நுனியில் நின்று வரமறுத்தால், அதனையும் முதல்நாட் கணக்கிலே சேர்த்துக்கொள்கின்றார். நினைவுக்கு வந்த நூறு பெயர்களை அவர் எண்ணுவதில்லை. வராத ஒன்றையே எண்ணுகின்றார். கவலை கவனத்தைத் திருடுகின்றது. கவனம் இல்லாத இடத்திலே ஞாபகம் பதிவதில்லை. இவ்வாறு அச்சமே மறதியைப் பெருக்கிவிடுகின்றது.

அப்படியானால், தம் ஞாபகம் குறைகின்றது என்று பெரியவர் ஒருவர் சொல்வதை நாம் புறக்கணிக்கலாமா? கூடாது. பரிசோதனையில் ஒரு குறையும் இல்லாதிருந்தும் ஞாபகம் குறைவதாகத் தாமே உணரும் முதியோரைப் பல நாடுகளில் ஆண்டுக்கணக்காக அவதானித்துள்ளனர். அவ்வுணர்வு இல்லாதோரைவிட அவர்களுக்குப் பிற்காலத்தில் மறதிநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று 2014இல் வெளியான தொகுப்பாய்வு காட்டுகின்றது. எனவே முறைப்பாடு பொருளற்றதன்று. ஆனால் அவ்வாறு முறையிட்டோருட் பெரும்பான்மையோருக்கு அவதானித்த ஆண்டுகளுக்குள் அந்நோய் வரவில்லை என்பதும் உண்மை. பலருடைய முறைப்பாட்டுக்குப் பின்னால் நின்றது மனச்சோர்வு, ஏக்கம், நித்திரைக் குறைவு ஆகியனவே. தைரொயிட்டுச் சுரப்பியின் குறை, பீ-12 உயிர்ச்சத்துக் குறை, சில மருந்துகளின் பக்கவிளைவு, காது மந்தமாதல் ஆகியனவும் மறதியாகத் தோற்றும். இவற்றுட் பல வைத்தியத்தால் திருந்தக்கூடியவை. “இது எங்கள் குடும்பத்து வியாதி, வைத்தியரிடம் போய் என்ன பயன்?” என்று இருந்துவிடுபவர், திருத்தக்கூடிய ஒன்றையும் திருத்தாமல் விட்டுவிடுகின்றார். அச்சத்தினால் நேரும் நட்டங்களுள் இதுவே பெரிது.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். உண்மையான நோய் முற்ற முற்ற, நோயாளி தம் மறதியை உணரும் சக்தியையும் இழக்கின்றார். “எனக்கு ஒன்றுமில்லை” என்று அவர் சொல்வார். வீட்டாரே கலங்கி நிற்பர். ஆகவே பெரியவர் தாமே சொல்லும் முறைப்பாட்டுடன், அருகில் வாழ்பவர்கள் காண்பதையும் சேர்த்தே வைத்தியர் மதிப்பிடுவார். திறப்பை வைத்த இடம் மறப்பது ஒன்று; திறப்பு எதற்கு என்பதை மறப்பது வேறொன்று. கடைக்குப் போய் வாங்க நினைத்த சாமான்களில் ஒன்றை மறப்பது ஒன்று. ஐம்பது ஆண்டு நடந்த ஒழுங்கையிலே வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை அறிந்து, காலந்தாழ்த்தாது வைத்தியரிடம் அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை.

இளைஞர்களாகிய நாம் நம்மையே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றும் உண்டு. பெரியவர்களின் அச்சத்தை வளர்ப்பவர் யார்? “அப்பு, நேற்றும் இதைத்தானே சொன்னீங்கள்” என்று நாம் சொல்லும்போது வீட்டார் சிரிக்கின்றனர். அப்புவும் சேர்ந்து சிரிக்கின்றார். ஆனால் அடுத்த முறை கதை சொல்லுமுன் அவர் தயங்குகின்றார். சில காலத்தில் விருந்தினர் வந்தால் அறைக்குள்ளேயே இருந்துவிடுகின்றார். அறளை என்ற சொல் வந்து நோய் வராமலே ஒரு மனிதன் ஒதுங்கிவிடுகின்றார்.

இது வெறும் உணர்ச்சிப் பேச்சன்று. அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலைப் பேராசிரியை பெக்கா லெவி என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் சராசரி எழுபத்திரண்டு வயதுடைய, மறதிநோயில்லாத 4,765 பேரை நான்கு ஆண்டுகள் அவதானித்து, 2018இல் முடிபை வெளியிட்டனர். ஈ-4 உடையோருள், முதுமையைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தவர்களுள் நூற்றுக்கு 2.7 பேருக்கு நோய் வந்தது. முதுமையை இழிவாக எண்ணியோருள் நூற்றுக்கு 6.1 பேருக்கு வந்தது. எண்ணமே நோயைத் தடுத்தது என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. ஆயினும், ஒரே பரம்பரையலகை உடையவரிடையே முதுமையைப் பற்றிய எண்ணத்துக்கேற்ப இத்துணை வேறுபாடு காணப்பட்டது என்பது சிந்திக்கத்தக்கது. முதுமையைப் பற்றிய எண்ணம் வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டிலும் வீதியிலும் நாம் பேசும் பேச்சிலிருந்தே அது உருவாகின்றது.

பரிசோதனை செய்யவே கூடாது என்று நாம் கூறவில்லை. கொலம்பியக் குடும்பத்தைப் போல இளவயதிலேயே நோய் இறங்கிவரும் குடும்பத்தவர் தக்க வைத்தியருடன் கலந்து முடிவு செய்தல் வேண்டும். 2023இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெக்கனமாப் போன்ற புதிய மருந்துகள் நோயைக் குணப்படுத்துவனவல்ல. தொடக்க நிலையில் அதன் வேகத்தை ஓரளவு தணிப்பன. அவற்றால் மூளையில் வீக்கமும் குருதிக்கசிவும் ஏற்படலாம்; ஈ-4 இரு பிரதிகள் உடையோருக்கு அவ்வபாயம் அதிகம். ஆதலின் அம்மருந்தைத் தொடங்குமுன் வடிவத்தை அறிதல் பயனுடையது. ஒரு காரணம் இருந்து, ஆலோசனை கூறுவார் அருகிருந்து, விடையின் பொருளை விளங்கிக்கொண்டு அறிவது ஒன்று. வேடிக்கைக்காக உமிழ்நீரை அனுப்பிவிட்டுத் தனியே அறையிலிருந்து அறிக்கையை வாசிப்பது வேறொன்று. ஒருவர் பெறும் விடை அவருடைய சகோதரரையும் பிள்ளைகளையும் தொடுவது. அறிய விரும்பாத சகோதரரின் விருப்பத்தையும் மதித்தல் பண்பாகும்.

பெற்ற பரம்பரையலகை மாற்ற எம்மால் இயலாது. மாற்றக்கூடியவை வேறு உள. லான்செற் என்னும் வைத்திய சஞ்சிகை நியமித்த நிபுணர் குழு 2024இல் பதினான்கு காரணங்களை எடுத்துக்காட்டிற்று. இளமையிற் கல்விக் குறைவு, காது கேளாமை, கண்பார்வைக் குறை, உயர் குருதியமுக்கம், சலரோகம், கொலஸ்திரோல், மிகுந்த பருமன், புகைத்தல், மிகுந்த மதுபானம், உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை, தலையிற் படும் அடி, மாசடைந்த காற்று ஆகியனவே அவை. இவற்றை முற்றாக நீக்க முடிந்தால் உலகின் மறதிநோயில் நூற்றுக்கு 45 பங்குவரை தடுக்கவோ தாமதப்படுத்தவோ கூடும் என்பது அவர்கள் கணிப்பு. பின்லாந்திலே 60 முதல் 77 வயது வரையுள்ள 1,260 பேரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், நல்லுணவு, தேகாப்பியாசம், மூளைக்குப் பயிற்சி, குருதியமுக்கக் கண்காணிப்பு ஆகியவற்றை ஈராண்டு ஒருங்கே கைக்கொண்டோரின் அறிவாற்றல் மற்றையோரினும் நன்கு பேணப்பட்டது. ஈ-4 உடையோரும் அதனாற் பயன் பெற்றனர்.

எமது ஊரிலே இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. சலரோகத்துக்கும் குருதியமுக்கத்துக்கும் மருந்தை ஒழுங்காக எடுத்தல், மாலையில் இருவராய் மூவராய் நடத்தல், காதுக்குக் கருவி வேண்டுமாயின் வெட்கப்படாது அணிதல், கூட்டத்துக்கு வருதல் ஆகியன யாவராலும் இயல்வனவே. தனித்திருக்கும் பெரியவரைத் தேடிச் செல்வது இளைஞர் சங்கத்தால் இயல்வது. வாரத்துக்கு ஒரு வீடு என்று நாம் முறைவைத்துச் சென்று, பத்திரிகை வாசித்துக் காட்டி, அவர்கள் சொல்லும் பழங்கதைகளைக் குறித்துக்கொள்ளலாம். அக்கதையை அவர் இரண்டாம் முறை சொன்னாலும் முதன்முறை போலவே கேட்கும் பொறுமை நமக்கு வேண்டும்.

இளையோருக்கு இன்னுமொரு செய்தி உண்டு. அமெரிக்கக் கன்னியர் மடங்களைச் சேர்ந்த 678 சகோதரிகளை டேவிட் சினோடன் என்னும் ஆராய்ச்சியாளர் 1986 தொடக்கம் ஆராய்ந்தார். அவர்களுள் 93 பேர் ஏறத்தாழ இருபத்திரண்டு வயதில், அதாவது நமது வயதில், தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரைகள் மடத்திலே பேணப்பட்டிருந்தன. கருத்துச் செறிவுடன் எழுதியோர், அறுபது ஆண்டுகளுக்கு அப்பாலும் பெரும்பாலும் தெளிந்த அறிவுடன் விளங்கினர் என 1996இல் அறிவிக்கப்பட்டது. காரணம் எது, காரியம் எது என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் உண்டு. ஆனால் முதுமையின் மூளை முதுமையில் மட்டும் ஆக்கப்படுவதன்று என்பது புலனாகின்றது. இன்று நாம் படிக்கும் நூலும், பழகும் பழக்கமும், எமது தங்கையரைப் பாடசாலையை விட்டு நிறுத்தாது மேலும் படிக்கவைப்பதும், அறுபது ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள ஒருவருக்கு நாம் செய்யும் உதவியாகும்.

பெரியோர்களே, உங்கள் ஞாபகத்தைப் பற்றி ஐயம் எழுந்தால் அதனை மறைக்காதீர்கள். தனியே இருந்து அதற்குத் தீர்ப்பும் எழுதாதீர்கள். வீட்டாரிடம் சொல்லுங்கள், வைத்தியரிடம் செல்லுங்கள். நண்பர்களே, அறளை என்ற சொல்லைப் பரிகாசத்துக்கு எடுப்பதை இன்றுடன் நிறுத்துவோம். தந்தை வழியாலும் தாய் வழியாலும் நாம் பெற்றவை பரம்பரையலகுகள் மட்டுமல்ல. அவர்கள் வீட்டிலே பெரியவர்களை நடத்திய முறையையும் நாம் பெற்றிருக்கின்றோம். முன்னதை நாம் தெரிந்தெடுக்க முடியாது. பின்னதை நாம் விரும்பியபடி திருத்தி, அடுத்த தலைமுறைக்குக் கொடுக்க முடியும்.